அன்பின்மை என்னும் குற்றம்

சில ஆண்டுகளுக்கு முன் கட்கியிலிருந்து ஒரு தமிழ் அம்மையார் நம் இல்லம் தேடி வந்தார். அவர் கணவர் மைய அரசின் தொழிற்கூடம் ஒன்றில் முப்பதாண்டு உழைத்து, ஓய்வு பெறுமுன்னரே மறைந்தவர். குடும்பத்துக்குச் சேரவேண்டிய ஒரு தொகையை அனுமதிக்கும் ஆணை ஆங்கிலத்தில் வந்திருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கித் தாய்க்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். "தம்பி, குடியரசுத் தலைவர் மகிழ்ச்சியோடு என்று போட்டிருக்கிறதாமே. என் வீட்டுக்காரர் போனதில் அவருக்கு என்ன மகிழ்ச்சி?" என்று அம்மையார் கேட்டார்.

அத்தகைய ஆணைகளுக்குப் பல்லாண்டுகளாக வரைவு எழுதி வரும் கை நம்முடையது. 'ப்ளீஸ்டு' என்னும் அச்சொல்லில் ஓர் உணர்ச்சி உறைகின்றது என்பதே அன்றுவரை நமக்குத் தோன்றியதில்லை. அஃது அரசாங்க ஆங்கிலத்தில் மகிழ்ச்சியைக் குறிப்பதன்று, மன்னர் காலத்துத் 'திருவுளம் பற்றி' என்பது போன்றதொரு மரபுச் சொல் என்று விளக்கினோம். அம்மையார் பொறுமையோடு கேட்டுக்கொண்டார். ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு.

அன்று முதல் நமக்கு ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. பிறமொழியில் நம் உள்ளத்தை எழுதுங்கால் எச்சொல் எவ்வளவு எடையுடையது? சொல்லின் எடை தவறினால் என்ன நேரும்? இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் குடியேறி வாழும் இப்புனே நகரமே, பூனா என்று வழங்கிய நாளில், அதற்குரிய விலையைக் கொடுத்திருக்கின்றது. அவ்வாண்டு 1897.

முந்தைய ஆண்டு பம்பாயில் தலைகாட்டிய பிளேக் நோய் 1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பூனாவைப் பற்றிக்கொண்டது. நோய்த் தடுப்புக் குழுவின் தலைவராக வால்ட்டர் சார்ல்ஸ் ராண்ட் என்னும் ஆட்சியாளர் அமர்த்தப்பட்டார். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டுபிடிக்கும் பணி படைவீரர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அடுக்களையிலும் பூசையறையிலும் நுழைந்தனர். தட்டுமுட்டுப் பொருள்களை எரித்தனர். பெண்களையும் பிறர் காணச் சோதித்தனர். நோயினும் மருந்து கொடிது என்று நகரம் கொதித்தது. சூன் 22-ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் அறுபதாம் ஆட்சியாண்டு விழாவை முடித்துக்கொண்டு கணேஷ்கிண்ட் ஆளுநர் மாளிகையிலிருந்து திரும்பிய ராண்டும், ஏயர்ஸ்ட் என்னும் படையதிகாரியும் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டனர். அம்மாளிகையே இன்று பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடமாக நிற்பது. நம் பிள்ளைகள் பலர் தேர்வுக் கட்டணம் செலுத்தச் சென்று வரும் இடம் அது.

கொலைக்கு ஒரு கிழமை முன்னர், சூன் 15-ஆம் நாள், திலகரின் 'கேசரி' இதழில் சிவாஜி விழாவை ஒட்டிய ஒரு பாடலும், அப்சல்கானைச் சிவாஜி கொன்றதைப் பற்றிய சொற்பொழிவின் செய்தியும் வெளிவந்திருந்தன. எழுதப்பட்டவை மராட்டியில். கொலையில் திலகருக்குப் பங்குண்டு என்று மெய்ப்பிக்க அரசினரால் இயலவில்லை. ஆயினும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவின்கீழ் அவர் சூலை இறுதியில் சிறைப்படுத்தப்பட்டார். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்ட்ரேச்சி முன்னர் வழக்கு நடந்தது.

அப்பிரிவின் வரலாறே விந்தையானது. மெக்காலே 1837-ஆம் ஆண்டு வரைந்த மூலத்தில் இத்தகைய விதி இருந்தது. 1860-ஆம் ஆண்டின் சட்டத்தில் எவ்வாறோ விடுபட்டது. 1870-ஆம் ஆண்டில் மீண்டும் சேர்க்கப்பட்டது. அரசாங்கத்தின்மீது 'டிஸ்அபெக்ஷன்' என்னும் உணர்வை எழுப்புதல் குற்றம் என்பது அதன் சாரம். மராட்டியர் இக்குற்றத்தை ராஜத்ரோஹம் என்றனர். தமிழர் ராஜத் துரோகம் என்றனர். துரோகம் என்பது செயல். ஆங்கிலச் சட்டம் சொன்னதோ செயலை அன்று, ஓர் உணர்வை. மொழிபெயர்ப்பிலேயே நெஞ்சம் கையாகிவிட்டது.

'அபெக்ஷன்' என்றால் அன்பு. முன்னே நிற்கும் 'டிஸ்' என்னும் ஒட்டு என்ன செய்கின்றது? நம் இலக்கண உரையாசிரியர்கள் வடசொற்களின் முன்வரும் எதிர்மறை அகரத்துக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் காட்டுவர். அரூபம் என்பதில் உருவம் இல்லை என்னும் இன்மைப் பொருள். அதர்மம் என்பதில் அறத்துக்கு நேர் எதிரானது என்னும் மறுதலைப் பொருள். இவ்விளக்கம் அன்று பம்பாய் நீதிமன்றத்தில் எவர்க்கேனும் தெரிந்திருந்தால் பயன்பட்டிருக்கும்! ஏனெனில், 1891-ஆம் ஆண்டு கல்கத்தாவில் 'பங்கபாசி' இதழின்மீது நடந்த வழக்கில் தலைமை நீதிபதி பெத்தரம், அன்புக்கு மாறான உணர்வு, அதாவது வெறுப்பு என்று அச்சொல்லை மறுதலைப் பொருளில் விளக்கியிருந்தார். ஸ்ட்ரேச்சியோ அச்சொல்லுக்கு அன்பு இல்லாமையே பொருள் என்று இன்மையில் தொடங்கினார். அடுத்த மூச்சிலேயே வெறுப்பு, பகைமை, இகழ்ச்சி, எவ்வகைத் தீய எண்ணமும் அதனுள் அடங்கும் என்று மறுதலைக்குத் தாவினார்.

இரண்டுக்கும் இடைவெளி சிறிதன்று. எதிர் வீட்டுக்காரரிடம் நமக்கு அன்பு இல்லாதிருக்கலாம். அதனால் அவரைப் பகைக்கின்றோம் என்று ஆகுமா? வரி கட்டும் குடிமகன் ஒருவன் தன்னை ஆள்பவரை நேசிக்கவும் வேண்டும் என்று எந்த நூல் விதித்தது? சட்டத்தின் விளக்கப் பகுதியிலேயே 'டிஸ்அப்ரொபேஷன்' என்று மற்றொரு சொல் இருந்தது. அரசின் நடவடிக்கையை ஒப்பாமை, அதாவது கண்டித்தல், குற்றமன்று என்று அது கூறிற்று. ஒப்பாமைக்கும் அன்பின்மைக்கும் இடையே ஒரு மயிரிழை வரப்பு. அவ்வரப்பின்மேல் நடந்து பழகாத மராட்டிப் பாட்டு ஒன்று, ஆங்கில உடையில் நீதிமன்றத்துக்கு இழுத்து வரப்பட்டது. ஆறு ஐரோப்பியரும் மூன்று இந்தியரும் அமர்ந்த நடுவர் குழு, மூவருக்கு அறுவராகக் குற்றவாளி என்றது. செப்டம்பர் 14-ஆம் நாள் திலகருக்குப் பதினெட்டுத் திங்கள் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

மறு ஆண்டே, 1898-இல், அரசினர் சட்டத்தைத் திருத்தினர். வெறுப்பு, இகழ்ச்சி என்னும் சொற்களை வெளிப்படையாகச் சேர்த்தனர். பற்றுறுதி இன்மையும் பகை உணர்வுகள் யாவும் 'டிஸ்அபெக்ஷனில்' அடங்கும் என்று விளக்கமும் எழுதினர். ஒரு சொல்லுக்குப் பொருள் தெளிவாக இருந்திருந்தால் இத்திருத்தம் எதற்கு? இக்கேள்வி குமாஸ்தாவின் கேள்விதான். ஆனாலும் கேட்கத் தகுந்தது.

இவ்வாண்டின் மற்றொரு நிகழ்ச்சி இதனினும் நம் நெஞ்சைத் தொடுவது. அதன் நாயகர் கோபால கிருஷ்ண கோகலே. பெர்குஸன் கல்லூரி ஆசிரியர், வயது முப்பத்தொன்று. ரானடேயின் கீழ்ப் பயின்றவர். பூனா சார்வஜனிக சபைக்காக அரசாங்கத்துக்கு மனுக்கள் வரைவதே அப்பயிற்சி. ஒவ்வொரு மனுவுக்கும் எத்தனை உழைப்பு! அரசிடமிருந்து வரும் விடையோ இரண்டு வரி. எதற்காக இவ்வளவு பாடு என்று இளைஞர் கேட்டபோது, இவை பெயரளவில்தான் அரசுக்கு, உண்மையில் நம் மக்களுக்கே எழுதப்படுகின்றன என்று ரானடே விடையிறுத்தாராம். மனு எழுதிப் பிழைக்கும் நம் போன்றோர் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளத் தக்கது அவ்விடை.

அத்துணைப் பயிற்சி பெற்ற கோகலே 1897-ஆம் ஆண்டு இந்தியச் செலவினம் பற்றிய வெல்பி ஆணையத்தின்முன் சாட்சியம் அளிக்க இங்கிலாந்து சென்றிருந்தார். பூனாவிலிருந்து நண்பர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர். துயரத்திலும் சினத்திலும் எழுதப்பட்ட கடிதங்கள். படைவீரர்கள் பெண்கள் இருவரை மானபங்கப்படுத்தினர், அவருள் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்னும் செய்தியும் அவற்றுள் இருந்தது. கோகலே அதனை 'மான்செஸ்டர் கார்டியன்' ஏட்டின் செய்தியாளரிடம் கூறினார். ஏடு வெளியிட்டது. பாராளுமன்றம் வரை பேச்சு எழுந்தது. பம்பாய் அரசு சான்று கேட்டது. கடிதம் எழுதிய நண்பர்களோ வெளியே வந்து உறுதிகூற முன்வரவில்லை.

இங்கே ஒரு மொழி உண்மை இருக்கின்றது. நம் ஊர்களில் இழவு வீட்டுத் திண்ணையில் சொல்லும் சொல், கேட்போர் நெஞ்சில் விழுந்து துயரமாகவே நிற்கும். அதே சொல் ஆங்கிலத்தில் ஏறி, கடல் கடந்து, அச்சில் அமர்ந்ததும் குற்றச்சாட்டாக மாறிவிடுகின்றது. குற்றச்சாட்டுக்குச் சான்று வேண்டும். கண்ணீருக்குச் சான்று கேட்பார் இல்லை. கோகலேயின் நண்பர்கள் கண்ணீரை அனுப்பினர். கோகலே அதனைச் சாட்சியமாகப் பெயர்த்தார்.

சூலை இறுதியில் அவர் பம்பாய் வந்து இறங்கினார். கூறியதற்குச் சான்று திரட்ட இயலவில்லை. நண்பர்களின் பெயரை வெளியிட்டால் அவர்கள் துன்புறுவர். ஆகவே பழியைத் தாமே சுமந்து ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஏடுகளில் மன்னிப்புக் கடிதம் வெளியிட்டார். ஆங்கிலத்தில் வருத்தத்துக்கு மூன்று படிகள் உண்டு. 'ரிக்ரெட்' என்பது முதற்படி. நிகழ்ந்தது வருந்தத்தக்கது என்பதே அதன் பொருள், பழி ஏற்பதன்று. அலுவலகத்தில் ஒருவர் கோரிக்கையை மறுக்கும்போது நாம் எழுதுவது அதுவே. எழுதும்போது நமக்கு எவ்வருத்தமும் இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். 'ஸாரி' என்பது இரண்டாம் படி. எழுதுபவரின் உள்ளம் அதில் தெரியும். 'அபாலஜி' என்பது மூன்றாம் படி. தவறு என்னுடையது என்று கைகட்டி நிற்பது. தமிழில் 'வருந்துகிறேன்' என்பது முதலிரண்டுக்கும் பொதுவாக நின்றுவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறு நில்லாது.

கோகலே முதற்படியில் நின்றிருக்கலாம். வழக்கறிஞர் எவரும் அதனையே சொல்லியிருப்பர். அவர் நேரே மூன்றாம் படிக்கு ஏறினார். எவ்வித நிபந்தனையுமின்றி, ஆளுநர் சாண்டர்ஸ்ட் பிரபு, பிளேக் குழுவினர் ஆகியோரிடம் மட்டுமன்றி, வீடு புகுந்த அப்படைவீரர்களிடமும் மன்னிப்பு வேண்டினார். அந்நாட்களில் திலகர் அரசின் பிடியில் சிக்கியிருந்தார். பூனா கொதித்தது. கோழை என்றனர், நகருக்கே தலைகுனிவு என்றனர். வீரர்கள் இழைத்த கொடுமைகள் முற்றும் பொய்யா? அல்லவே. பெண்கள் இருவரைப் பற்றிய செய்திக்குச் சான்று இல்லாமற் போயிற்று என்பதற்காக, அடுக்களை புகுந்தவர்களிடமும் மன்னிப்பா? மெய்ப்பிக்க முடியாததைத் திரும்பப் பெற்றது நேர்மை. திரும்பப் பெற்ற சொல்லின் அளவு மிகுந்துவிட்டது என்பதே நம் கருத்து. கூறியபோதும் எடை மிகுதி, மீட்டபோதும் எடை மிகுதி. இவ்வாறு சொல்ல நமக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். அவ்வளவு பெரியவர் அல்லோம். ஆயினும் வரைவு எழுதுபவர் கண் வரைவின்மேல்தான் செல்லும்.

கோகலே தளர்ந்துவிடவில்லை. பூனாவிலேயே பிளேக் தொண்டில் ஈடுபட்டார். பின்னர் 1902-ஆம் ஆண்டு முதல் அரசப் பிரதிநிதியின் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய வரவு செலவு உரைகள் நாடறிந்தவை. அவற்றில் சினம் உண்டு. ஆனால் ஒவ்வொரு சினத்துக்கும் கீழே ஓர் எண் நிற்கும். 1897-ஆம் ஆண்டின் காயம் அவ்வெண்களுக்குள் இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

திலகருக்கு மீண்டும் 1908-ஆம் ஆண்டில் அதே பிரிவின்கீழ் வழக்கு. நீதிபதி தாவர். 1897-இல் திலகருக்குப் பிணை வேண்டி வாதாடிய அதே தாவர்! அம்முறை திலகர் தாமே வாதாடினார். மராட்டிச் சொற்களுக்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பு கூடுதல் கடுமை ஏற்றிவிட்டது என்று சொல் சொல்லாக எடுத்துக்காட்டினார். பயனில்லை, ஆறாண்டு மாண்டலே. அதே சூலைத் திங்களில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, தமிழில் பேசிய வ. உ. சிதம்பரனாருக்கு வாழ்நாள் தீவாந்தரத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அஃது ஆறாண்டாகக் குறைந்தது. தமிழில் பிறந்த உணர்வுக்கும் தீர்ப்பு ஆங்கிலச் சொல்லால்தான். 1922-ஆம் ஆண்டு ஆமதாபாத்தில் இதே குற்றத்துக்கு ஆளான காந்தியடிகள், அன்பைச் சட்டத்தால் உண்டாக்க இயலாது என்று நீதிபதியிடம் கூறினார். இன்மையும் மறுதலையும் ஒன்றாகா என்பதை இலக்கணம் இல்லாமலே சொன்ன கூற்று அது.

விடுதலைக்குப் பின்னும் அப்பிரிவு வாழ்ந்தது. 1962-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், வன்முறைக்கோ பொது அமைதிக் குலைவுக்கோ தூண்டுதல் இருந்தாலன்றி அது பொருந்தாது என்று எல்லை வகுத்தது. 2022-ஆம் ஆண்டு மே திங்களில் அப்பிரிவை நிறுத்தி வைத்தது. 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் பாரதிய நியாய சன்ஹிதை நடைமுறைக்கு வந்தபோது 'டிஸ்அபெக்ஷன்' என்னும் சொல் சட்டத்திலிருந்து மறைந்தது. ஆயினும் புதிய 152-ஆம் பிரிவைப் படிப்போர், 'உணர்வுகள்' என்னும் சொல் அங்கும் வீற்றிருப்பதைக் காணலாம்.

இனி நம்மவர் ஒருவர் இந்நகருக்கு வந்த கதை. கோகலே 1905-ஆம் ஆண்டு பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். 1907-ஆம் ஆண்டு, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியப் பணியை விட்டு, வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அதில் சேர்ந்தார். கும்பகோணத்தில் கற்றவர். இலக்கண நுணுக்கத்தில் இணையற்ற ஆங்கில ஆசிரியர். கோகலே 1915-ஆம் ஆண்டு மறைந்ததும் சங்கத் தலைமை இத்தமிழரிடமே வந்தது. 'செர்வண்ட் ஆப் இந்தியா' என்னும் வார இதழ் 1918-இல் இங்கிருந்து தொடங்கியபோது முதல் ஆசிரியரும் அவரே. வெள்ளி நாவினர் என்று ஆங்கிலேயரே புகழ்ந்தனர். 1928-ஆம் ஆண்டு அளிக்கவிருந்த 'சர்' பட்டத்தை வேண்டாமென மறுத்தார்.

நாம் வியப்பது அவருடைய நாவை அன்று, கடிதங்களை. அவர் கடிதங்களைப் படிப்போர் ஒன்று காண்பர்: மனம் நொந்து எழுதிய இடத்திலும் சொல் உயர்வதில்லை. 'டீப்லி' என்றும் 'எக்ஸ்ட்ரீம்லி' என்றும் நாம் வரிக்கு ஒன்று தூவுகிறோமே, அவ்வகை மசாலா அங்கே அரிது. ஆசானிடம் அவருக்கிருந்த பக்தி எல்லையற்றது. 'என் ஆசான் கோகலே' என்னும் பொருளிலேயே ஆங்கிலத்தில் அவர் எழுத்துகள் நூலாகத் தொகுக்கப்பட்டன. ஆசானின் எண்ணமும் தமிழ்ப் பள்ளியாசிரியரின் இலக்கணமும் கூடிய இடத்தில் அந்நடை பிறந்தது என்று கொள்ளலாம்.

காந்தியடிகளின் தன்வரலாற்று ஆங்கில மொழிபெயர்ப்பு திருத்தம் பெற்று 1940-இல் வெளிவந்தது. ஆங்கிலப் புலமை மிக்க பெரியார் ஒருவர், பெயர் வெளியிடலாகாது என்னும் நிபந்தனையோடு திருத்தித் தந்தார் என்று மகாதேவ தேசாய் முன்னுரையில் குறித்தார். அவர் சாஸ்திரியாரே என்பது பின்னர் யாவரும் அறிந்தது. அரசியலில் இருவரும் எதிரெதிர். 1920-ஆம் ஆண்டின் ஒத்துழையாமையைச் சாஸ்திரியார் ஏற்கவே இல்லை. ஆயினும் ஒருவரையொருவர் சகோதரர் என்று ஆங்கிலத்தில் விளித்தே கடிதம் எழுதினர். இருவரும் 1869-ஆம் ஆண்டு பிறந்தவர். சாஸ்திரியார் செப்டம்பர் 22, காந்தியடிகள் அக்டோபர் 2. பத்து நாள் மூத்த தமையன்! 'பிரதர்' என்னும் ஆங்கிலச் சொல்லில் அண்ணன் தம்பி வேறுபாடு கிடையாது. எழுதியவர் உள்ளத்தில் அது இருந்தது.

இன்று நம் குடும்பங்களில் என்ன நிகழ்கின்றது? 2013-ஆம் ஆண்டு தந்தி நின்று போயிற்று. அதுவரை மணமக்களை வாழ்த்த அஞ்சலகத்தில் எண்ணிட்ட ஆங்கில வாசகங்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் அன்பு போய்ச் சேரும். அதனை நாம் எள்ளி நகையாடியது உண்டு. இப்போது ஊரில் பெரியப்பா மறைந்தார் என்று கைப்பேசிக் குழுவில் செய்தி வந்ததும், புனேயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்.ஐ.பி. என்று மூன்று எழுத்துகள் வரிசையாக விழுகின்றன. அந்த எண்களே மேல் போலும்! நம் வீட்டுப் பிள்ளையும் அவ்வாறே அனுப்பினான். "பெரியப்பாவிடம் நீ என்ன வாங்கித் தின்றாய், அதை எழுது" என்றோம். அவன் நெடுநேரம் யோசித்துக் கும்பகோணத்தில் அவரோடு சைக்கிளில் சென்றதை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினான். 'ஸாட்' என்னும் சொல் அதில் இல்லை. பெரியம்மா அதனைப் பிறரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

1946-ஆம் ஆண்டு சனவரியில் காந்தியடிகள் சென்னை வந்திருந்தபோது, பொது மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த சாஸ்திரியாரைச் சென்று கண்டார். ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். எரவாடா சிறையில் காந்தியடிகள் இருந்த நாளில், 1933-ஆம் ஆண்டு, பூனாவில் பிறந்த இதழ் 'ஹரிஜன்'. அதில் காந்தியடிகள் எழுதிய இரங்கற் குறிப்பு ஒரு பத்தியளவே. அதிலும் ஒரு பகுதி, மருத்துவமனையில் தாம் கடைசியாகக் கண்டபோது சாஸ்திரியார் இந்தியாவையும் அதன் பண்பாட்டையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்பது.